பிறவிக் குணமா, பழகிய குணமா?

நம் வீடுகளில் "பிறவி" என்ற சொல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை புழங்குகிறது என்று நீங்கள் கணக்குப் பார்த்ததுண்டா?

"எங்கள் பெரியவளுக்குப் பாட்டு பிறவியிலேயே வந்தது" என்கிறாள் ஒரு தாயார். அது பெருமை. "சின்னவனுக்குக் கணக்கு ஏறாது. பிறவியே அப்படி" என்று அவளே அடுத்த மூச்சில் சொல்கிறாள். அது அலுப்பு. "மாப்பிள்ளைக்கு முன்கோபம் பிறவிக் குணம். நீதான் அனுசரித்துப் போக வேண்டும்" என்று மகளுக்குப் புத்தி சொல்கிறாள். அது சமாதானம். "எதிர்வீட்டுக்காரர்களுக்குக் கஞ்சத்தனம் கூடவே பிறந்ததாக்கும்!" என்று மாடிப்படியில் நின்று குரலைத் தாழ்த்துகிறாள். அது வம்பு.

பெருமைக்கும் அலுப்புக்கும் சமாதானத்துக்கும் வம்புக்கும் ஒரே சொல்! இத்தனை வேலை செய்கிற சொல்லை ஒரு நிமிஷம் நிறுத்தி, "அம்மா, உனக்கு என்ன பொருள்? நீ எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது?" என்று விசாரித்தால் என்ன? அப்படி விசாரிக்காமல் விட்டதனால் குழந்தைகளும் தாய்மார்களும், ஒரு காலத்தில் ஊர் ஊராக மனிதர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பின்லாந்தில் மூன்று சொற்கள்

சில சமயம் நம் வீட்டுச் சொல்லின் அருமை அடுத்த வீட்டுச் சொல்லைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே முதலில் ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் பின்லாந்து வரையில் போய் வருவோம். சுமார் 50 லட்சம் பேர் பேசும் பின்னிஷ் மொழிக்கு, பக்கத்திலுள்ள ஸ்வீடிஷ் மொழியோடும் ரஷ்ய மொழியோடும் குடும்ப உறவு கிடையாது. நம் தமிழைப் போலவே அடிச்சொல்லின் பின்னால் விகுதிமேல் விகுதியாக ஒட்டிக்கொண்டு போகிற மொழி அது. "வீட்டிலிருந்து" என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்வதை அவர்களும் "தாலொஸ்தா" என்று ஒரே சொல்லாகத்தான் சொல்வார்கள்.

நாம் "பிறவி" என்ற ஒரே பையில் போட்டு வைத்திருக்கும் விஷயங்களை அவர்கள் மூன்று பைகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் சொல், "சின்னின்னாயினென்". (சொல்லும்போது முதல் இரண்டு "இ" ஓசைகளுக்கும் உதட்டைக் குவித்துக்கொள்ள வேண்டும். முயன்று பாருங்கள், குழந்தைகள் சிரிப்பார்கள்!) பிறப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து உண்டான உரிச்சொல் இது. பிறக்கும்போதே இருந்தது என்பது பொருள். குழந்தை பிறக்கும்போதே இதயத்தில் குறை இருந்தால், பின்லாந்து டாக்டர் அந்தக் குறைக்கு முன்னால் இந்தச் சொல்லைத்தான் போடுவார். கூடப் பிறந்த திறமைக்கும் இதைச் சொல்வதுண்டு.

இரண்டாவது, "லுவொன்தாயினென்". "லுவொன்தொ" என்றால் இயற்கை. மலை, காடு, ஏரி எல்லாம் அதில் அடக்கம். மனிதனுடைய உள்ளியல்புக்கும் அதே வேர்தான். ஒருவருக்குச் சிரமமில்லாமல், வலிந்து செய்யாமல், தானாகக் கைகூடி வருவது எதுவோ அது "லுவொன்தாயினென்". பிறந்த நாளிலேயே இருந்ததா என்று இந்தச் சொல் கேட்பதில்லை. இதை யாருக்கு என்று சொல்லும்போது அவர்கள் போடும் உருபு நம்முடைய "கு" உருபு போலவே இருக்கும். "அவளுக்கு இயல்பு" என்று நாம் சொல்கிறோம் அல்லவா, அதே மாதிரி.

மூன்றாவது, "பெரின்னொல்லினென்". வாரிசாக வந்த சொத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்டன், பாட்டி, தாய், தகப்பன் வழியாக இறங்கி வந்தது என்று பொருள்.

நம்மிடம் இந்த மூன்றும் இல்லையா? பேஷாக இருக்கின்றன! "பிற" என்ற வேரிலிருந்து பிறவி, "இயல்" என்ற வேரிலிருந்து இயல்பும் இயற்கையும், இறங்கி வந்ததற்குப் பரம்பரை. போதாக்குறைக்கு வடமொழியிலிருந்து வேறு இரண்டு சொற்கள் வந்து சேர்ந்தன. ஒன்று சுபாவம். தன்னுடைய இருப்பு என்பது அதன் நேர்ப்பொருள். மற்றொன்று சகஜம். கூடவே பிறந்தது என்று பொருள்! "குடும்பம் என்றால் சண்டை சகஜம்தானே" என்று நாம் அலட்சியமாக உதறிவிடுகிற சொல்லுக்குள்ளேயும் ஒரு பிறப்பு ஒளிந்துகொண்டிருக்கிறது பாருங்கள். ஆக, சொற்களுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பாத்திரத்தில் எதை வைப்பது என்ற ஒழுங்கைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

கொல்லிமலை அடிவாரத்தில்

அந்த ஒழுங்கை நினைவுபடுத்திக்கொள்ள இப்போது நம் ஊருக்கே திரும்பலாம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், மலை நெருங்கி நெருங்கி வரும்போது ஓர் ஊர் வரும். காளப்பநாயக்கன்பட்டி. அதைத் தாண்டினால் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. பலாவுக்கும் மிளகுக்கும் அன்னாசிக்கும் பேர்போன மலை. சாமையும் தினையும் விளைகிற மலை.

சங்க காலத்தில் இந்த மலைக்குத் தலைவனாக இருந்தவன் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். இன்றைக்கும் செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழா நடக்கிறது. அவனுக்கு இரண்டு பெயர் உண்டு என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். "வல்வில் ஓரி" என்பது ஒன்று. "வள்ளல் ஓரி" என்பது இன்னொன்று.

புறநானூற்றில் வன்பரணர் என்ற புலவர் ஒரு காட்சியைச் சொல்கிறார். காட்டில் ஒரு வேடன் அம்பு விடுகிறான். அந்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியையும் சாய்த்துவிட்டு, புற்றிலிருந்த உடும்பின் உடலில் போய்த் தைக்கிறது. வழிப்போக்கர்களான பாணர்கள் அவனை யாரென்று அறியாமலே அவன் முன்னால் பாடுகிறார்கள். பாட்டில் ஓரியின் பெயர் வருகிறது. தன் பெயரைத் தன் எதிரிலேயே புகழக் கேட்ட அந்த வேடன் நாணிப் போகிறான். பிறகு சுட்ட இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியுமாக வாரிக் கொடுக்கிறான். அவன்தான் ஓரி! அவனிடம் பரிசு பெற்றவர்கள் வயிறு நிறைந்த சந்தோஷத்தில் ஆடலையும் பாடலையுமே மறந்துவிட்டார்கள் என்று இன்னொரு பாட்டில் வேடிக்கையாகச் சொல்கிறார் அதே புலவர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த வில்வித்தை பிறவியா, பழக்கமா? ஆயிரம் அம்பு குறி தவறி விழுந்த பிறகுதான் ஓர் அம்பு இப்படிப் பாயும். தன் புகழைக் கேட்டு நாணினானே, அது? கேட்பதற்குள் கை கொடுத்துவிட்டதே, அது? அதை எந்த ஆசானிடம் கற்றிருப்பான்?

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இந்தக் கேள்விக்கு வெகு அழகாகப் பதில் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஓவியம் கையின் பழக்கமாம். தமிழ் நாவின் பழக்கமாம். கல்வி மனத்தின் பழக்கமாம். அன்றாட ஒழுக்கங்கூட நடந்து நடந்து வருகிற பழக்கந்தானாம். அப்படியானால் பிறவிக் குணம் எது? நட்பு, தயை, கொடை. இந்த மூன்றுதான்!

பாட்டியின் பட்டியலை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். திறமை ஒவ்வொன்றையும் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டாள். பிறவியின் கணக்கில் அவள் எழுதியதெல்லாம் மனிதனுக்கு மனிதன் காட்டும் அன்புதான். அந்தக் கணக்கில் ஒரு கெட்ட குணங்கூடக் கிடையாது. முன்கோபம் இல்லை, கஞ்சத்தனம் இல்லை, மந்த புத்தி இல்லை. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். பாட்டையும் கணக்கையும் பிறவி என்கிறோம். கோபத்தையும் கருமித்தனத்தையும் பிறவி என்கிறோம். தயையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தச் சொல் நம் வாயில் வருவதில்லை!

வரமும் உழைப்பும்

"எல்லாம் பழக்கம் என்றால், மேதைகள் எப்படி வந்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் அதே நாமக்கல் சீமையிலேயே பதில் இருக்கிறது.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) பக்கத்து மோகனூரில் பிறந்தவர். சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் என்ற பதவியில் 1949இல் அமர்ந்தவர். அவர் கவிஞராகப் பெயர் எடுக்கும் முன்பு ஓவியராகத் தொழில் நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியாது. ஔவைப்பாட்டி சொன்ன கைப்பழக்கம், நாப்பழக்கம் இரண்டும் ஒரே மனிதரிடத்தில்!

நாமக்கல் மலையடியில் கோயில் கொண்டிருக்கும் நாமகிரித் தாயார், கணித மேதை ராமானுஜனின் குடும்ப தெய்வம். தமக்கு உதிக்கும் கணக்குகளெல்லாம் தாயாரின் அருள் என்று அவர் நம்பினார். பின்னிஷ் மொழியிலும் திறமைசாலியை "லஹ்யகஸ்" என்பார்கள். "லஹ்யா" என்றால் பரிசு. நாம் வரம் என்கிறோமே, அதுதான். வரம் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரத்தை வைத்துக்கொண்டு ராமானுஜன் என்ன செய்தார்? பதினாறாவது வயதை ஒட்டி அவர் கைக்குக் கார் என்பவர் எழுதிய புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை விளக்கமின்றி அடுக்கிவைத்த புத்தகம். அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே போட்டுப் பார்த்தார். காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடியும் எழுதினார். வரத்தை வாங்கி உறியில் மாட்டி வைத்திருந்தால் உலகம் அவரை அறிந்திருக்குமா?

எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலைக் கேட்டால், கருவிலேயே திருவுடையவர் என்று சொல்லத்தான் தோன்றும். அவருடைய தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி பிடில் வாசித்தவர். நினைவு தெரிந்த நாள் முதல் நாதம் காதில் விழுந்துகொண்டே இருந்த வீடு அது. அங்கே பிறவி எது, பரம்பரை எது, பழக்கம் எது என்று யாரால் கோடு கிழிக்க முடியும்? மூன்றும் ஒரு சடையின் மூன்று கால் போலப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு காலை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதுதான் சடை" என்றால் தலை வலிக்கத்தான் செய்யும்.

நம் பழமொழிகளிலும் இந்த நுட்பம் இருக்கிறது. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பதைப் பிறவிக் குணம் மாறாது என்பதற்குச் சாட்சியாக எத்தனையோ பேர் எடுத்துவிடுகிறார்கள். பழமொழி சொல்வது தொட்டில் பழக்கம். கருப்பையை அது பேசவே இல்லை! தொட்டிலை ஆட்டுகிற கை நம்முடையதல்லவா?

ஊமை என்ற பழி

இதுவரை சொன்னது கொஞ்சம் விளையாட்டாகவும் இருந்திருக்கலாம். இனிச் சொல்லப்போவது விளையாட்டல்ல.

"பிறவி ஊமை" என்ற சொல்லை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம்! அப்படி அழைக்கப்பட்டவர்களில் மிகப் பலருக்கு நாவிலோ தொண்டையிலோ ஒரு குறையும் கிடையாது. குறை காதில். ஒலி காதில் விழாத குழந்தை பேச்சை எங்கிருந்து கற்றுக்கொள்ளும்? செவிக்குறை பிறவியில் வந்தது. ஊமை என்ற நிலையோ, அந்தக் குறையை நாம் கவனிக்காமல் விட்டதனால் பின்னால் வந்தது. ஔவையார் சொன்ன நாப்பழக்கம் என்பதற்கு இதைவிட உருக்கமான சாட்சி வேண்டுமா?

பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மாதரசி காது கேளாத குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பேச்சு வராவிட்டால் என்ன, சைகை மொழி இருக்கிறது. அதற்கும் இலக்கணம் உண்டு, நயம் உண்டு. இன்றோ பிறந்த குழந்தையின் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்து, அது தூங்கிக்கொண்டிருக்கும்போதே செவித்திறனைச் சோதித்துவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது டாக்டர்கள் சொல்லும் வாய்ப்பாடு. காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவைச் சிகிச்சை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிறு குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. "எங்கள் வீட்டில் எல்லோருமே தாமதமாகத்தான் பேசினோம்" என்று பாட்டி சொல்லலாம். பாட்டிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். பாதம் வளைந்து பிறந்த குழந்தைக்கும் இதே கதைதான். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி, வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் போட்டே அநேகமாக நேராக்கிவிடுகிறார்கள். பிறவியில் வந்தது என்றால் மாற்ற முடியாதது என்று அர்த்தமில்லை.

இன்னொரு விஷயம், தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பின்லாந்துக்காரர் பிறவிக்கு ஒரு சொல்லும் பரம்பரைக்கு வேறொரு சொல்லும் வைத்திருப்பதில் பெரிய நியாயம் இருக்கிறது. பிறவியில் வந்த குறையெல்லாம் பரம்பரையில் வந்ததல்ல. 1941இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், கண்ணில் புரையோடு பிறந்த பல குழந்தைகளைப் பார்த்தார். அவர்களுடைய தாய்மார்களை விசாரித்தபோது, கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அவர்களில் அநேகருக்கு ருபெல்லா என்ற அம்மை கண்டிருந்தது தெரியவந்தது. காது, கண், இதயம் மூன்றையுமே கெடுக்கக்கூடிய நோய் அது. அதைத் தடுக்க ஊசி உண்டு. தமிழ்நாட்டில் 2017இல் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை–ருபெல்லா ஊசியை இயக்கமாகவே போட்டார்கள். அப்படியிருக்க, குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், "உன் பிறந்தகத்து வழி" என்று மருமகளின் தலையில் பழியைப் போடுகிறார்களே, அது எவ்வளவு அநியாயம்!

பரம்பரையாக இறங்குவதும் உண்டுதான். அதற்குப் பொறுப்பு இரண்டு வழிக்கும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கொடுத்து வாங்கும்போது, இருவரிடமும் மறைந்து கிடந்த ஒரே குறை குழந்தையிடம் வெளிப்பட இடமுண்டு. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் வேளையில் இதையும் ஒரு டாக்டரிடம் கேட்டு வைத்தால் தோஷமில்லை.

சட்டமே சொன்ன பொய்

ஒரு குழந்தையை நோக்கிச் சொன்னாலே இத்தனை கெடுதல் செய்யும் சொல்லை, ஒரு சமூகத்தையே நோக்கிச் சொன்னால்?

வெள்ளைக்காரர் ஆட்சியில் அதுவும் நடந்தது. 1871இல் ஒரு சட்டம் வந்தது. 1911இல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. சில சமூகங்களில் பிறந்தவர்களெல்லாம் குற்றம் செய்யும் இயல்போடு பிறந்தவர்கள் என்று எடுத்துக்கொண்ட சட்டம் அது. தமிழில் அதற்கு வழங்கிய பெயரே "குற்றப் பரம்பரைச் சட்டம்"! ஒரு பாவமும் அறியாத மனிதர்கள் கைரேகை வைக்க வேண்டும், போலீஸில் ஆஜராக வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்துவிட்டது. "அந்த ஜனங்களுக்கே அந்தப் புத்தி" என்ற பேச்சு நம் கூடத்தில் ஒழிந்துவிட்டதா? வேலைக்கு வருகிற பெண்ணைப் பற்றி, பிள்ளையின் சிநேகிதனைப் பற்றி, வரப்போகும் சம்பந்தி வீட்டைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை விழும்போது, சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை அதையும் சேர்த்து விழுங்குகிறது. பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று, வேற்றுமை செய்கிற தொழிலால்தான் என்று வள்ளுவர் சொல்லியிருப்பதை அதே குழந்தை மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறது!

நாம் செய்யக்கூடியது

அதற்காகப் "பிறவி" என்ற சொல்லையே வீட்டை விட்டு விரட்டிவிட வேண்டும் என்பதில்லை. நல்ல சொல், பழைய சொல். அதை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனித்து எடுத்தால் போதும்.

உடம்பில் ஒரு குறையைப் பார்த்தால், பிறவி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால், "இன்னும் பழகவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். "இன்னும்" என்ற அந்தச் சின்னச் சொல்லில் நாளைக்கு ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. பெண்ணுக்குப் பாட்டு நன்றாக வந்தால், அவள் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்ததையும் சேர்த்துப் பாராட்டுங்கள். பிறவி என்று மட்டும் சொன்னால் அவளுடைய உழைப்பை நாமே திருடினவர்கள் ஆவோம். முன்கோபக்கார மாப்பிள்ளைக்குப் பிறவி என்று ஜாமீன் கொடுக்க வேண்டாம். ஆபீஸில் மேலதிகாரியிடம் அந்தக் கோபம் வருவதில்லையே! அடக்கப் பழகியவர் வீட்டிலும் பழகலாம்.

சரி, பிறவி என்ற சொல்லை எப்போதுதான் தாராளமாகப் பயன்படுத்துவது? ஔவைப்பாட்டி காட்டிய இடத்தில்தான். உங்கள் பிள்ளை தன் பங்கு முறுக்கில் பாதியை ஒடித்து, கேட்காமலே வேறொரு குழந்தையிடம் நீட்டும் நாள் வரும். அன்றைக்கு அவன் காதில் விழும்படியாகவே சொல்லுங்கள்: "எங்கள் பிள்ளைக்குக் கொடுக்கிற கை. அது பிறவிக் குணம்!"